மீன் மார்க் டிரம்

எங்கள் ஊரில் எந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும் முதலில் கண்ணில் படுவது நீல டிரம்தான். இடுப்புக்கு மேலே உயரம், கறுப்பு மூடி, மூடியை இறுக்க ஒரு இரும்பு வளையம். தண்ணீர் பிடிக்க ஒன்று, அரிசி கொட்டிவைக்க ஒன்று, மாட்டுக்குக் கழுநீர் ஊற்ற ஒன்று. கல்யாணச் சீர் போகும் வண்டியில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம்மும் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். மாலை போட்டுத்தான் ஏற்றினார்கள்.

எல்லாம் கம்பெனிகளிலிருந்து வந்தவை. வல்லம் வடகால் பக்கமும் ஒரகடம் ரோட்டிலும் கம்பெனிகள் வந்த பிறகு, உள்ளே என்னவோ ஊற்றிக் கொண்டுவந்த டிரம்கள் காலியாகி வெளியே வந்தன. எங்கள் ஏரிக்கரைக்குக் கீழே தகரம் அடித்துக் கடை வைத்த ஒருவன் அவற்றை வாங்கி, கழுவி விற்றான். கழுவியது நாங்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவோம். அன்று காலையில் ஏரியிலிருந்து முதல் குடம் தண்ணீர் எடுத்து வருவது எங்கள் வீட்டு உரிமை. அந்தத் தண்ணீர் கொப்பரையில் விழுந்த பிறகுதான் கூழுக்கு அடுப்பு மூட்டுவார்கள். முதல் கரண்டிக் கூழும் எங்கள் வீட்டுக்குத்தான். என் மாமியார் எடுத்தார், அவருக்குப் பிறகு நான். காய்ச்சலோடு எடுத்திருக்கிறேன். என் புருஷன் செத்த வருஷம், தாலி இல்லாதவள் எடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். அம்மனே தனியாக நிற்கிறவள்தான் என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினேன். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

கேட்டவள் என் ஓரகத்தி, என் புருஷனுடைய தம்பி மனைவி. நான் குடத்தை இறக்கி வைத்தால் அடுத்து எடுக்க வேண்டியது அவள்தான். எப்போது வைப்பேன் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் பார்த்திருப்பேன்.

டிரம் கழுவும் வேலைக்கு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம், நான், என் மருமகள், ஓரகத்தி. கம்பெனிகளுக்காக நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு களை எடுக்கப் போக எங்கே கழனி இருந்தது? டிரம் கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளே ஒரு முறம் சரளைக் கல், ஒரு கை சோப்புத் தூள், மூன்று குடம் ஏரித் தண்ணீர். மூடியை இறுக்கிப் படுக்க வைத்து, கரைச் சரிவில் மேலிருந்து ஒருத்தி உருட்டிவிட வேண்டும். கீழே ஒருத்தி காலால் தடுத்துத் திருப்ப வேண்டும். உள்ளே கல் உருண்டு கடகடவென்று தேய்க்கும். பிறகு மூடியைத் திறந்து அப்படியே ஏரியில் கவிழ்த்துவிடுவோம். ஒரு டிரம்மிலிருந்து பச்சையாக வரும். ஒன்றிலிருந்து மூத்திரம் போல மஞ்சளாக வரும். ஒன்றில் நிறமே இருக்காது, கண் மட்டும் எரியும். மூன்று தரம் உருட்டினால் ஒரு டிரம் முடிந்தது.

முடிந்ததா என்று சொல்வது என் வேலை. நான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன். "ஆச்சு" என்றால் ஆச்சு. "இன்னொரு தபா" என்றால் இன்னொரு தரம் உருட்ட வேண்டும். என் மூக்குக்குக் கடைக்காரன் அவ்வளவு மரியாதை வைத்திருந்தான். "பெரியம்மா மூக்குதான் நம்ம கடைக்கு மிஷினு" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வான். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது என் மூக்கை நானே கடித்துத் துப்பலாம் போல இருக்கிறது.

வந்த டிரம்களில் சிலவற்றின் மேல் ஒரு படம் ஒட்டியிருக்கும். சிவப்புக் கோட்டில் சாய்வாக ஒரு கட்டம், உள்ளே ஒரு மீன், பக்கத்தில் ஒரு மரம். சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. முதல் தடவை அது வந்த அன்று ஓரகத்திதான் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வா. இதுல மீன் வந்துகீது பாரு."

"மீன் வந்த டிரம்னா கவுச்சி அடிக்க வேணாமா?" என்றாள் என் மருமகள்.

"அது கம்பெனிக்காரன் துன்ற மீனு. ஐஸ்ல வெச்சி அனுப்புவான். உன் ஊட்டுக்காரன் புடிச்சுனு வர கெண்டையா, தெருவுக்கே தெரியறதுக்கு?"

மருமகள் படத்தைத் தடவிப் பார்த்தாள். "பக்கத்துல மரம் இன்னாத்துக்கு அத்தை?"

"கரையில மரம் இருக்காதாடி?" என்றேன் நான்.

"உன் மூக்கு இன்னா சொல்லுதுக்கா?"

தலையை விட்டேன். புளித்த மருந்து வாடை, தொண்டை வரைக்கும் இறங்கியது. ஆனாலும் மீன் படம் போட்டிருக்கிறானே, தின்கிற சாமான்தானே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "மத்ததெல்லாம் இன்னா வந்துதோ யாருக்குத் தெரியும். இது மீனு. குடிக்கிற தண்ணிக்கு இதான் நல்லது" என்றேன்.

நான் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. மீன் மார்க் டிரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். மண்ணூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் வண்டி வைத்து வந்தார்கள். கடைக்காரனுக்கு அந்தப் படம் என்னவென்று தெரியுமோ தெரியாதோ, நான் அறியேன். சிரித்துக்கொண்டே விற்றான். எங்கள் வீட்டுக் குடிதண்ணீருக்கு ஒன்று எடுத்தேன். கோயிலில் கூழ் கரைத்து வைக்க ஒன்று கொடுத்தேன். என் பெயரைப் போட்டு உபயம் என்று பெயிண்டில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அந்த வருஷம் கூழ் குடித்த பல பேருக்கு வயிறு கெட்டது. கருவாட்டுக் குழம்பு செய்தவளைத் திட்டித் தீர்த்தோம். நான்தான் அதிகமாகத் திட்டினேன்.

அதற்குள் ஏரி சீழ் பிடித்த புண் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் நுரை வந்து கட்டி நின்றது, முழங்கால் உயரத்துக்கு, சோப்பு நுரை போல வெள்ளையாகத் தொடங்கி பழுப்பாகக் காய்ந்தது. காற்று அடித்தால் கொத்தாகப் பறந்து வந்து துணிக் கொடியில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் துணி வெளுக்கும். அதன் மேல் எங்கள் ஊர்க்காரர்கள் செய்ததும் கொஞ்சம் இல்லை. கக்கூஸ் தொட்டி அள்ளுகிற லாரிக்காரன் பட்டப்பகலில் கரையில் நிறுத்திக் குழாயைத் திறந்துவிடுவான். லாரி எங்கள் ஊர்ப் பையனுடையதுதான். கோழிக் கடையிலிருந்து சிறகும் குடலும் மூட்டையாக வரும். கேன்டீன் மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சாம்பாரில் ஊறிய இட்லியும் கை உறையும் ஒன்றாகக் கிடந்து புழுக்கும். அதற்கு நடுவில் எருமை இறங்கி நிற்கும். அதன் பாலைத்தான் டீக்கடையில் காய்ச்சினார்கள்.

ஒரு நாள் காலையில் போனபோது கரை ஓரம் பூராவும் மீன். கெண்டை, கெளுத்தி, விரால் குஞ்சு, எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கண் வெளுத்துக் கிடந்தன. விராலே செத்துவிட்டது. அது சேற்றுக்குள் புகுந்துகொண்டு ஒரு கோடையையே தாண்டிவிடுகிற மீன். ஈ மொய்த்த சத்தம் மிஷின் ஓடுவது போலக் கேட்டது. சில பேர் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள், காய வைத்துக் கருவாடு போட. நான் மூக்கைப் பொத்தப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு நாற்றமே வரவில்லை. கண்ணால் பார்த்துத்தான் குமட்டியது. டிரம்முக்குள் விட்டு விட்டு என் மூக்கு செத்துப் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மோந்து பார்க்கும் வேலை போய்விடும் என்று அடுத்த நாளும் தலையை விட்டு "ஆச்சு" என்றேன்.

அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். ஊர் கூடி நின்றது. நான் முன்னே போய் நின்று, "கம்பெனிக்காரன் எங்க ஏரிய சாவடிச்சிட்டான் சார். உங்க ஊட்டுத் தண்ணியில இப்பிடி ஊத்துனா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கம்பெனி மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. கம்பெனிகள் பக்கமிருந்து வாய்க்காலில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பேசிக்கொண்டிருந்தபோது என் கைத் தோல் டிரம் தண்ணீரில் வெந்து உரிந்துகொண்டிருந்தது. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டுதான் பேசினேன்.

எங்கள் வீட்டுப் பின் அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். ஒரு கம்பெனியில் லைனில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவாள், எழுந்து போவாள். வாசலை அவள் சரியாகப் பார்த்ததே கிடையாது. சென்ற ஆடிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, லீவு நாளில் வெளியே வந்தவள் டிரம்மில் சொம்பை விடப்போய் நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சி, இதுலயா குடிதண்ணி வச்சிருக்கிய?"

"ஆமாம் கண்ணு. மீன் வந்த டிரம்மு, சுத்தமா கழுவுனது."

"மீனு எங்க வந்துச்சு? இது மருந்து டிரம்மு ஆச்சி. இந்தப் படம் போட்டிருந்தா தண்ணியில ஊத்தக் கூடாது, ஊத்துனா மீனு சாவும், மரம் பட்டுப்போவும்னு எங்களுக்கு கிளாஸ் எடுத்தாக. நல்லாப் பாருங்க, மீனு மல்லாக்கக் கெடக்கு. மரத்துல ஒரு இலை இருக்கா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். மீன் மல்லாக்கத்தான் கிடந்தது. மரத்தில் இலை இல்லை.

எழுத்துத் தெரியாததால் ஏமாந்தேன் என்றால் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அது எழுத்து இல்லை, படம். என்னைப் போன்றவர்களுக்காகவே போட்ட படம். ஏரிக்கரையில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவளுக்குச் செத்த மீன் எது, உயிருள்ள மீன் எது என்று தெரியவில்லை. உள்ளே போய் வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். எத்தனை வருஷத்துத் தண்ணீரை வாந்தி எடுக்க முடியும்?

ஓரகத்தியிடம் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்னாளாம், இவ வந்துட்டா. நாம குடிச்சோம், செத்தா பூட்டோம்?"

"நாம சாவல. ஏரி செத்துடுச்சேடி."

"நீதான மோந்து பாத்து ஆச்சு ஆச்சுன்னே. இப்ப இன்னா புதுசா?"

அன்றோடு டிரம் கழுவப் போவதை நானும் மருமகளும் விட்டோம். ஓரகத்தி விடவில்லை.

கூழுக்கு ஒரு வாரம் முன்னால் கோயிலில் கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா எனக்குக் கொழுந்தன் முறை. இந்த வருஷம் ஏரித் தண்ணீரில் கூழ் காய்ச்ச முடியாது, கேன் தண்ணீர் சொல்லிவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியானால் முதல் குடம்?

"அது வழக்கம் அண்ணி. அத விட முடியுமா? நீ பாட்டுக்கு ஏரியிலேர்ந்து எடுத்துனு வா. கொப்பரையில ஊத்த வாணாம், ஆத்தா தலையில ஊத்திடலாம். அபிஷேகம் ஆச்சு, வழக்கமும் ஆச்சு."

"நாம வாயில வெக்க மாட்டாத தண்ணிய அவ தலையில ஊத்தறதா?"

"கல்லு அண்ணி அது. கல்லுக்கு இன்னா ஆவும்?"

பத்து நாள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரகத்தி மூலையிலிருந்து, "அக்காவுக்கு இடுப்பு வலின்னா சொல்லட்டும், எடுக்க ஆளு கீது" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நான் ஒன்று மட்டும் கேட்டேன். "நான் குடுத்த மீன் மார்க் டிரம்முல இந்தத் தபா கூழ் கரைக்காதீங்க. அது மருந்து டிரம்மு. நான் தெரியாம குடுத்துட்டேன்." எடுத்துவிடுகிறேன் என்றார் தர்மகர்த்தா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டினேன். பித்தளைக் குடத்தில் வேப்பிலை சுற்றினேன். பம்பைக்காரர்கள் முன்னே போனார்கள். கரையில் இறங்கும்போதே காலில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. குடத்தால் நுரையை விலக்கினேன், விலக்கிய இடத்தில் மறுபடி வந்து மூடிக்கொண்டது. குடத்தை அமுக்கினேன். தண்ணீர் கறுப்பாக உள்ளே போனது. பின்னால் நின்றவர்கள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு குலவை இட்டார்கள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குலவை இட்டவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கோயில் வாசலில் பூசாரி குடத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ஒரு கை அள்ளிக் குடி பூசாரி. அப்புறம் ஊத்து."

"இன்னாம்மா பேசறே? நேரம் ஆவுது."

"அவ குளிக்கற தண்ணி தீர்த்தம்தானே. தீர்த்தம் குடிக்க இன்னா யோசனை?"

பம்பைச் சத்தம் நின்றது. தர்மகர்த்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அண்ணி, நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத. குட்த்துட்டுப் போ."

"குடுக்க மாட்டேன். கம்பெனிக்காரன் ஊத்துனது பாதின்னா மீதி நாங்க ஊத்துனது. நானும் என் மருமவளும் இவளும் தெனம் டிரம்ம கழுவி இதுலதான் கவுத்தோம். நான்தான் மோந்து மோந்து பாத்து ஆச்சுன்னு சொன்னேன். இத எடுத்துனு போயி அவ தலையில ஊத்தறதுக்கு என் கை வராது."

யாரும் பேசவில்லை என்று சொன்னால் அது பொய். பின்னால் ஒருவன், "கெழவிக்குக் கிறுக்குப் புடிச்சிகினு கீது" என்றான். நன்றாகவே கேட்டது. ஓரகத்தி வந்து என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினாள். பிடுங்கவில்லை. வாங்கினாள். நான் விட்டேன். ஏரிக்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம், கீழே போட்டிருக்கலாம். விட்டுவிட்டேன். நாற்பது வருஷமாக வேறு கைக்குப் போகாத குடம் அது.

அவள் கொண்டுபோனாள், பூசாரி ஊற்றினார். குலவை மறுபடி எழுந்தது. அம்மனின் மஞ்சள் முகத்தில் கறுப்பாகக் கோடு கோடாக இறங்கியது. வெள்ளிக் கண் மலரின் ஓரத்தில் நுரை ஒட்டிக்கொண்டு நின்றது. பூசாரி அதைத் துண்டால் துடைத்தார். துடைத்தும் போகவில்லை. அதன் மேலேயே குங்குமத்தை அப்பினார்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மத்தியானம் மருமகள் தூக்குச் சட்டியோடு வந்தாள். முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்த என் முன்னால் வைத்தாள்.

"சின்ன அத்தை குடுத்து அனுப்புனாங்க. மொதக் கரண்டி அவங்க ஊட்டுக்குப் போச்சு. ரெண்டாவது உனக்காம்."

கேலியா பாசமா என்று அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூடியைத் திறந்தேன். கேன் தண்ணீர்க் கூழ், வெங்காயம் போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினேன்.

"எதுல கரைச்சாங்க?"

மருமகள் தரையைப் பார்த்தாள்.

"எதுலடி?"

"கோயில்ல வேற டிரம்மு ஏது அத்தை. உன் பேரு எழுதுனதுலதான்."

கடப்பாரை கொல்லையில் சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு நடந்தேன். என் நடை வேகம் இல்லாத நடை, தெரு முழுக்கப் பார்த்தது. கோயில் பந்தலில் வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது. குழந்தைகள் கையில் சொம்பு, பெரியவர்கள் கையில் தூக்கு. நடுவில் நீல டிரம், மேலே என் உபயம், அதற்குக் கீழே மல்லாந்த மீன். கரண்டி போட்டுக்கொண்டிருந்தவள் ஓரகத்திதான்.

"இன்னாக்கா இது?"

"தள்ளிக்கோ. நான் குடுத்தது, நானே எடுத்துக்கறேன்."

அவள் தள்ளவில்லை. கடப்பாரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். அவள் கையிலும் தோல் உரிந்துதான் இருந்தது. கரண்டியை டிரம்முக்குள்ளேயே போட்டுவிட்டு ஒரு அடி விலகினாள். யாரோ தர்மகர்த்தாவைக் கூப்பிட ஓடினார்கள்.

அடியில் மூன்று தடவை குத்தினேன். முதல் குத்துக்கு பிளாஸ்டிக் வழுக்கியது, இரண்டாவதில் இறங்கியது. கூழ் தடியாக வெளியே வந்து என் காலில் பரவியது. வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள், அன்னத்தைக் கொட்டிய பாவி என்றார்கள். நான் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கூழ் பந்தல் காலைச் சுற்றி, கல் வாசலைத் தாண்டி, தெருச் சாக்கடையைத் தேடிப் போனது. எங்கள் ஊரில் எல்லாச் சாக்கடையும் ஏரிக்குத்தான் போகிறது. டிரம்மைக் குத்தும்போது அந்த யோசனை எனக்கு வரவில்லை.